‘கயிறு எங்கே?’ என்று கேட்ட பில்லா

உங்களில் சிலர் தீப்பெட்டிப் படம் சேர்த்திருப்பீர்கள். சிலர் தபால்தலை, சிலர் சோடா மூடி. நம் வயதுக்காரர்கள் எல்லோரிடமும் ஒரு டப்பா இருந்தது, இல்லையா, பூட்டு இல்லாத, ஆனால் யாரும் திறக்கக் கூடாத ஒரு டப்பா. என்னுடையதில் பில்லாக்கள் இருந்தன.

பில்லா என்றால் சட்டையில் குத்திக்கொள்ளும் தகர வட்டம். புனேயில் வளர்ந்த எங்களுக்குப் பள்ளிக்கூடத்து மானிட்டர் குத்திக்கொள்வது பேட்ஜ். ஊர்வலத்தில் போகிறவர்கள் குத்திக்கொள்வது பில்லா. பேட்ஜை மேலே இருப்பவர் கொடுப்பார். பில்லாவைப் பக்கத்தில் நடப்பவர் கொடுப்பார்.

தாபோடியில், மிலிட்டரி காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்பவர்களுக்கான குவார்ட்டர்ஸ் வரிசையில் எங்கள் வீடு. நைனா அங்கே எலெக்ட்ரீஷியன். குவார்ட்டர்ஸ் கேட்டைத் தாண்டினால் பம்பாய் ரோடு. தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து கிளம்பும் ஊர்வலங்கள் எல்லாம் அந்த ரோட்டில்தான் நகரத்துக்குப் போகும். போகும்போது சத்தம். போன பிறகு என்ன இருக்கும் தெரியுமா? அதுதான் என் காலம். வேர்க்கடலைத் தோல், அறுந்த செருப்பு வார், மிதிபட்ட ஆரஞ்சுத் தோலின் வாசனை, மழைக்காலமானால் செம்மண் குழம்பில் பாதி புதைந்து ஒரு பில்லா, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

தனியாகச் சேர்க்கவில்லை. எனக்கு ஒரு தோழி இருந்தாள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் இருந்த வஸ்தியில், அந்தக் குடிசைப் பகுதியில், தகரக் கூரை போட்ட வீடு அவளுடையது. கூரை ஒழுகும் என்பதால் டப்பா எங்கள் வீட்டில் இருந்தது; கேன்டீனில் வாங்கிய பால் பவுடர் டப்பா. நான் தேடுவேன், ஆனால் கண்டுபிடிப்பவள் எப்போதும் அவள்தான். குனியாமல், நடந்துகொண்டே, கால் கட்டைவிரலால் சேற்றை ஒரு கிளறு. பில்லா வெளியே வரும்.

சிவப்பில் முஷ்டி. விலைவாசிக்கு எதிராகக் கிளம்பிய பெண்களுடையதில் சப்பாத்திக் கட்டை. அணைக்காக ஊரை விட்டுக் கிளப்பப்பட்டவர்களுடையதில் ஒரு சொட்டுத் தண்ணீர். ஒன்றில் படமே இல்லை, ‘நாஹீ’ என்று ஒரு சொல் மட்டும். முடியாது. யார் முடியாது என்றார்கள், எதை முடியாது என்றார்கள், கடைசிவரை தெரியவில்லை. எங்களுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். வீட்டுப் பாடம் செய்யச் சொன்னால் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்து நிற்பேன்.

“இன்னாடி, ஊர்ச் சண்டை எல்லாம் வூட்டுக்கு எத்தினு வர்ற?” என்பார் நைனா. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். சொல்லிக்கொண்டே மூக்குக் குறடை எடுத்து வளைந்துபோன ஊசிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்துவார். ஒயர் நுனியைப் பிடிக்கும் அதே மெதுவான பிடி. நிமிர்த்தித் தன் கட்டைவிரலில் லேசாகக் குத்திப் பார்த்து, “ம், கடிக்குது” என்று கொடுப்பார். எங்கள் டப்பாவில் இருந்த அத்தனை எதிர்ப்புகளின் ஊசியும் நைனாவின் கையால் நிமிர்ந்தது என்று இப்போது எழுதும்போது கை நிற்கிறது. நிற்கட்டும்.

வகுப்பில் ஒவ்வொரு ஜூனிலும் ஒரு சடங்கு நடக்கும். புது டீச்சர் பெயரைக் கேட்பார்; பிறகு “ஆட்நாவ் காய்?” என்பார். குடும்பப் பெயர் என்ன? மராத்திக்காரர்களுக்கு அந்த ஒரு சொல் போதும், எந்த ஊர், எந்தத் தெரு, எந்தக் கிணறு எல்லாம் அதிலேயே எழுதியிருக்கும். என் முறை வரும்போது நான் நைனா பெயரைச் சொல்வேன். “அது அப்பா பெயர். ஆட்நாவ்?” இல்லை, டீச்சர். “இல்லையா?” மதராசி, டீச்சர். வகுப்பு சிரிக்கும், டீச்சரும் சிரிப்பார், அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்தது நைனா. என் தோழி தன் ஆட்நாவைச் சொல்வாள். யாரும் சிரிக்க மாட்டார்கள். டீச்சரின் பேனா மட்டும் ஒரு நொடி காகிதத்தின் மேல் நிற்கும். அந்த நொடியை அப்போதே பார்த்தேன். அதில் என்ன இருந்தது என்று அப்போது தெரியாது.

அவளுடைய பாபாவை, அப்பாவை, நான் காகா என்பேன். சாக்கடை, செப்டிக் டேங்க், அடைப்பு எடுக்கும் வேலை. ஒல்லி. குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, சோப்பு வாசனையோடுதான் எப்போதும் பார்த்திருக்கிறேன். மற்ற அப்பாக்களைவிட அவர்தான் சுத்தமாக இருந்தார்; சுத்தமாக இருந்தே தீரவேண்டியிருந்தது என்பது இப்போது புரிகிறது.

நைனா ஞாயிற்றுக்கிழமைகளில் வானவடிப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த புது அப்பார்ட்மெண்டுகளில் ஒயரிங் வேலைக்குப் போவார். சர்க்கார் வேலையில் இருப்பவர் வெளிவேலை செய்யக் கூடாது. அதனால் அதை வீட்டில்கூட ‘கோயிலுக்கு’ என்றுதான் சொல்வோம். ஒரு வாரம் கட்டடத்து முகாதம், அதாவது மேஸ்திரி, அவரிடம் குழி அடைத்துக்கிடக்கிறது, ஆள் தெரியுமா என்று கேட்டிருக்கிறான். நைனாவுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த ஞாயிறு காலை காகா குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வந்து நின்றார். நைனாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தார். நானும் தோழியும் கேட்டின் கம்பியில் தொங்கிக்கொண்டு டாட்டா காட்டினோம். “எனக்கு ஜிலேபி!” என்று கத்தினாள் அவள். காகா திரும்பாமலேயே கையை உயர்த்தி விரலைச் சுற்றிக் காட்டினார், ஜிலேபி மாதிரி.

சாயங்காலம் நைனா தனியாக வந்தார்.

நேரே பின்பக்கம் குழாயடிக்குப் போனார். சட்டையோடு உட்கார்ந்தார். அம்மா ஓடினாள். நான் சமையலறை ஜன்னலுக்குக் கீழே மண்டி போட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் சத்தத்தில் பாதிதான் கேட்டது. கேட்ட பாதி இது.

“கயிறே இல்லடி. இடுப்புல ஒண்ணும் கட்டல. ‘சும்மா எறங்கி பாத்துட்டு வாடா’ன்னான் முகாதம். நான் மேல நின்னுகினு கீறன். டார்ச்சு நான்தான் புடிச்சிகினு கீறன். மொதல்ல உள்ள இருமுனான். அப்பறம் இருமலே இல்ல.”

“இன்னாய்யா சொல்ற?”

“பயர் எஞ்சின் வந்துதான் தூக்குனாங்க. அவங்க கயிறு.”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் மூடவில்லை. எங்கள் வீட்டில் குழாய் வீணாக ஓடியதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மூன்றாம் நாள் வஸ்தி முழுக்கப் பேச்சு: காகா குடித்திருந்தாராம். கயிறு கட்டித்தான் இறக்கினார்களாம். போதையில் அவரே அவிழ்த்துவிட்டாராம். முகாதம் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறான், கட்டடக்காரரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். தோழி பள்ளிக்கு வந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, “பாபா குடிக்கமாட்டார், உனக்குத் தெரியுமில்ல?” என்றாள். தெரியும் என்றேன். “முடிச்சு போட்டா பாபா அவிழ்க்கவே மாட்டார். என் ரிப்பனையே ஆயிதான் அவிழ்ப்பாள்.” அவள் அழவில்லை. முடிச்சைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள், ஒரு கணக்கு விடை வராதது போல.

எனக்கு விடை தெரியும். நாக்கில் உப்பு மாதிரி இருந்தது.

“கயிறே இல்லை,” என்றேன். “நைனா பார்த்தார்.”

நண்பர்களே, என் வாழ்நாளில் நான் சொன்ன வாக்கியங்களில் ஊருக்குள் நடந்து போன வாக்கியம் அது ஒன்றுதான். அவள் தன் ஆயியிடம், அம்மாவிடம், சொன்னாள். ஆயி வஸ்திக் கமிட்டியில் சொன்னாள். அடுத்த வாரம் ஸ்டேஷன் பக்கத்துப் பில்லாக் கடையில், தகரத்தை வட்டமாக வெட்டி, காகிதத்தை மேலே வைத்து, கைப்பிடியை அழுத்தும் அந்தக் கிழட்டு மெஷினில், டக், டக் என்று நீல வட்டங்கள் விழுந்துகொண்டிருந்தன. நானும் அவளும் வாசலில் நின்று பார்த்தோம். நீலத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு குழி. குழிக்கு மேலே மராத்தியில் இரண்டே சொல். ‘தோர் குட்டே?’ கயிறு எங்கே?

அவ்வளவு அழகான பில்லாவை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றியது. பதினொரு வயது. டப்பாவில் அதற்கு எந்த இடம் என்று யோசித்தேன்.

சாட்சி வேண்டியிருந்தது. பில்லா கேட்கும் கேள்விக்கு, நான் மேலே நின்றேன், கயிறு இல்லை என்று சொல்ல ஒரு ஆள். அப்படி ஒரே ஒரு ஆள் இருந்தார்.

அவர்கள் வந்தது ஒரு சனிக்கிழமை, நைனா ஷிப்டு முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது. தோழியின் ஆயியை நான் மாவ்ஷி என்பேன். மாவ்ஷி வாசற்படிக்கு வெளியே நின்றாள். என் தோழி அவள் பின்னால். அம்மா உள்ளே வரச் சொன்னாள், வரவில்லை.

“பாவூ,” என்றாள் மாவ்ஷி. நைனாவை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள், அண்ணே என்பது மாதிரி. “போலீஸ் ஸ்டேஷனில் வந்து ஒரு தடவை சொல்லுங்கள். நீங்கள் பார்த்ததை. வேறொன்றும் வேண்டாம்.”

நைனா இந்தியில் சொன்னார், மேலதிகாரியிடம் பேசும் இந்தியில். “நான் கேட் வரைக்கும் விட்டேன். அப்புறம் நாலாவது மாடியில் என் வேலையில் இருந்தேன். குழிப் பக்கம் போகவே இல்லை.”

“உங்கள் பெண் சொன்னாளே?”

நைனா என்னைப் பார்க்கவில்லை. “பச்சி ஹை,” என்றார். குழந்தை. “எதையாவது கதை கட்டும். நாள் பூரா அந்தத் தகர டப்பாதான்.”

தோழி என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? ‘நைனா, பொய்’ என்று ஒரு சொல். நாஹீ என்று ஒரு சொல். டப்பாவில் இருந்தது, வாயில் வரவில்லை. என் தலை தானாகக் குனிந்தது. குனிந்த தலையை அவள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டிருப்பாள், நான் கதைதான் கட்டினேன் என்று.

மாவ்ஷி போகவில்லை. எங்கள் வீட்டை ஒருமுறை உள்ளே வரை பார்த்தாள். பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல், “பாவூ, நீங்கள் எந்த ஆளுங்க?” என்றாள்.

“மதராசி.”

“மதராசின்னு ஒரு ஜாதி இருக்கா, பாவூ?”

நைனா டீ டம்ளரைத் தரையில் வைத்தார். அவ்வளவுதான். அவள் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு படி இறங்கினாள்.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். “ஏன்டி சொன்ன? ஏன்டி?” நைனா, “வுடு,” என்றார். “அத்த வுடு.” அன்று நைனாவும் அடித்திருந்தால் நன்றாயிருக்கும் என்று பல வருஷம் நினைத்திருக்கிறேன்.

மறுநாள் தோழி தனியாக வந்தாள். “என் பாதியைக் கொடு.”

தரையில் டப்பாவைக் கவிழ்த்தோம். நீ ஒன்று, நான் ஒன்று. முஷ்டி அவளுக்கு, சப்பாத்திக் கட்டை எனக்கு. தண்ணீர்ச் சொட்டு எனக்கு. ‘நாஹீ’ வந்தபோது இருவரும் கையை வைக்கவில்லை. பிறகு அவள்தான் எடுத்துக்கொண்டாள். “இதை வைத்து நீ என்ன செய்வாய்?” என்றாள். அதில் குத்தல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். பாவாடையை மடித்து அதில் தன் பாதியை அள்ளிக்கொண்டாள். கிளம்பும்போது ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து நீல பில்லா ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“இது டப்பாவுக்கு இல்லை. குத்திக்கொள்ள.”

ஊர்வலம் திங்கட்கிழமை. காலையில் நைனா அதை என் மேஜையில் பார்த்தார். பழக்கத்தில் மூக்குக் குறடை எடுத்துக்கொண்டுதான் வந்தார். பில்லாவைத் திருப்பினார். ஊசி புதிது, நேராக இருந்தது, நிமிர்த்த ஒன்றுமில்லை. முன்பக்கம் திருப்பினார். நைனாவுக்கு மராத்தி எழுத்து வாசிக்கத் தெரியும். வாசித்தார். குறடையை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நாள் முழுவதும் அது அங்கேயே கிடந்தது.

பத்து மணிக்குச் சத்தம் நெருங்கியது. ஸ்கூலுக்குப் போகாமல் கேட்டில் நின்றேன். ஒர்க்‌ஷாப்பில் இருக்கவேண்டிய நைனா காக்கி உடுப்போடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். ஏன் வந்தார்? என்னைத் தடுக்கவா, தானே பார்க்கவா? கேட்டதில்லை. குவார்ட்டர்ஸ்காரர்களும் நின்றார்கள். “இவங்களுக்கு வேற வேலை இல்லை,” என்றார் பக்கத்து வீட்டு கிளார்க் மாமா. நைனா, “ஆமாமா,” என்றார்.

முன்னால் மாவ்ஷி, நெஞ்சோடு காகாவின் போட்டோ. பக்கத்தில் தோழி. எல்லோர் மார்பிலும் நீல வட்டம். ஒருவர் கத்த, நூறு பேர் திருப்பிக் கேட்டார்கள்: தோர் குட்டே? தோர் குட்டே? என் வாக்கியம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான் கிசுகிசுத்தது, நூறு வாயோடு திரும்பி வந்து எங்கள் கேட்டில் நின்று கேட்டது.

பில்லா என் கைக்குள் இருந்தது. நைனாவின் கை என் கைமேல் வந்து மூடியது. அழுத்தவில்லை. அழுத்தியிருந்தால் நான் பிடுங்கிக்கொண்டிருப்பேனோ என்னவோ. அது நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்கும் கையைப் பிடுங்க முடியாது, உங்களுக்கும் தெரியும்.

தோழி கடந்து போகும்போது என் சட்டையைப் பார்த்தாள், பாக்கெட்டுக்கு மேலே, பில்லா இருக்கவேண்டிய இடத்தை. முகத்தைப் பார்க்கவில்லை.

அது விபத்து என்று முடிந்தது. அடுத்த ஜூனில் அவள் பெஞ்சில் வேறொருத்தி. தளேகாவில் மாமா வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். அதே லைன்தான், லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் போகவில்லை.

நைனா வேலைக்குப் பயந்துதான் அப்படிச் செய்தார் என்று நெடுநாள் நம்பினேன். வெளிவேலை தெரிந்தால் சர்க்கார் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும். அந்தப் பயத்தை மன்னிக்கக்கூட ஆரம்பித்திருந்தேன். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே அம்மா சொன்னாள்: “வேல போனா வேற வேல. அதுக்கா பயந்தாரு? ஒன் தாத்தா எறங்காத குழியா எங்கூர்ல? அந்தப் பேரு இங்க யாருக்கும் தெரியாது, மதராசின்னா மதராசி, அவ்ளோதான். அத்த உட்டுட்டு அவங்களோட போயி நின்னா?” கீரைக் காம்பை ஒடித்தாள். “ஒன்ன எவன் கட்டுவான்னு பாத்தாரு.”

காகாவை மொபெட்டில் ஏற்றியபோது நைனா தன் அப்பாவையே ஏற்றியிருக்கிறார். இதை எங்கே போய்ச் சொல்வது? யாருடைய படியில் நின்று?

பிறகு இரண்டாயிரமாம் ஆண்டுகள் வந்தன. எனக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கல்யாணம், வானவடியிலேயே ஒரு ஃபிளாட். ஆமாம், வானவடி. ஓய்வு பெற்ற நைனா எங்களோடு வந்து இருந்தார். மூன்றாம் மாடி பால்கனியில் உட்கார்ந்து கீழே போகிற டூ-வீலர்களைப் பார்ப்பார்.

ஒரு ஞாயிறு காலை கீழே காம்பவுண்டில் இரண்டு பேர் இரும்பு மூடியைக் கடப்பாரையால் நெம்பினார்கள். ஒருவன் சட்டையைக் கழற்றினான். இடுப்பில் ஒன்றுமில்லை. நான் சொசைட்டி செகரெட்டரிக்கு போன் செய்தேன். “மேடம், அதெல்லாம் காண்ட்ராக்ட்காரன் பொறுப்பு,” என்றார். நான் செருப்பைத் தேடினேன், லிப்டுக்கு ஓடினேன், லிப்டு வரவில்லை, திரும்பி பால்கனிக்கு வந்தேன். அவன் தலை உள்ளே போயிருந்தது. நைனா எழுந்து கம்பியைப் பிடித்து நின்றிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

தலை மேலே வந்தது. அவன் இருமினான். மற்றவன் தள்ளி நின்று பக்கெட்டிலிருந்து தண்ணீர் ஊற்றினான்.

நைனா உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“பாவிங்க. கயிறு இல்லாம எறக்குறானுங்க பாரு,” என்றார். பிறகு, கீழே பார்த்தபடியே: “அன்னிக்கி நான் கட்டித்தான் வுட்டேன். மஞ்சக் கயிறு. நைலான். என் கையால ரெண்டு முடிச்சு போட்டேன்.”

அத்தனை வருஷத்தில் முதல்முறையாக, தான் அங்கே இருந்ததைச் சொல்கிறார். எத்தனையோ பேர் கேட்டு நின்ற அந்தச் சாட்சி, கடைசியில் என் பால்கனியில் வந்து உட்கார்ந்திருக்கிறது, கையில் ஒரு மஞ்சள் கயிற்றோடு.

“ஒனக்கு ஞாபகம் இல்ல? நீ சின்னக் கொயந்த,” என்றார். திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அன்று வாசலில் பார்க்காத முகத்தை இப்போது பார்த்தார். “கட்டுனேன் இல்ல?”

உள்ளே பீரோவில், பால் பவுடர் டப்பாவில், நீல பில்லா இருக்கிறது. அதன் ஊசி இன்னும் நேராகத்தான் இருக்கிறது. எந்தத் துணியிலும் அது நுழைந்ததில்லை.

கம்பியைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. என் கையை அதன்மேல் வைத்து மூடினேன்.

“ஆமா நைனா,” என்றேன். “கட்டித்தான் வுட்ட.”